டெக் மேல கருங்கல் கோட்டை எதுக்குங்க?

அமெரிக்காவில் வீடு வாங்கின நம்ம மக்களுக்கு அஞ்சாறு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு காய்ச்சல் வரும். முன்னாடி பேஸ்மெண்ட்டில் ஹோம் தியேட்டர். இப்போ கொல்லைப்பக்க டெக்கில் 'அவுட்டோர் கிச்சன்'. 'ட'னா வடிவத்தில் ஒரு மேடை, மேலே பளபளன்னு கிரானைட், நடுவில் ஆறு பர்னர் கிரில், ஓரத்தில் குட்டி ஃப்ரிட்ஜ், பக்கத்தில் ஒரு சிங்க். போட்டோவில் பார்த்தா சூப்பராத்தான் இருக்கு. எனக்குத்தான் பார்க்கப் பார்க்க வயித்தைக் கலக்குது. ஏன்னா போட்டோவில் மேல் பாதி மட்டும்தான் தெரியுது. டெக்குக்கு அடியில் குனிஞ்சு பார்த்தீங்களான்னு கேட்டா, ஒருத்தரும் பதில் சொல்றதில்லை.

டெக் என்பது மரப் பலகை. இங்கே வீடுகளுக்கான கட்டட விதிப்படி சாதாரண டெக்குக்கு சதுர அடிக்கு 40 பவுண்டு கணக்கு. ஆள், நாற்காலி, மேசை எல்லாம் அதுக்குள்ளதான். இப்போ மேடையைப் போடுவோம். 8 அடி நீளம், 2½ அடி அகலம், ஆக 20 சதுர அடி. 3 சென்டிமீட்டர் கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 18 பவுண்டு. அதுவே 360 ஆச்சு. ஹாலோ பிளாக் ஒண்ணு சுமார் 30 பவுண்டு. 45 கல் வெச்சா 1350. கிரில், பர்னர், கதவு, தட்டுமுட்டு சாமான் ஒரு 200. மொத்தம் 1900 பவுண்டைத் தாண்டுது. இருபதால் வகுத்தா சதுர அடிக்கு 95! இன்னும் ஒரு மனுஷன்கூட வந்து நிக்கலை. பிரியாணி வாசனை வந்ததும் முப்பது பேரும் எங்கே போய் நிப்பாங்க? அந்த மேடையைச் சுத்தித்தான்.

"பாஸ், நம்ம டெக் இருபது வருஷமா ஸ்ட்ராங்கா நிக்குது" என்கிறார் ஒரு நண்பர். அதுதாங்க பயமே. வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிடிச்சிருக்கிற கட்டைக்கு லெட்ஜர்னு பேரு. பழைய டெக் பலதில் அதை வெறும் ஆணியால் அடிச்சிருப்பாங்க, போல்ட் இருக்காது. டெக் விழுந்த கதைகளைப் படிச்சா அந்த இணைப்பு பேந்ததுதான் திரும்பத் திரும்ப வருது. மரம் இத்துப்போறது வேற. 2003 ஜூனில் சிகாகோவில் ஒரு மாடி போர்ச் சரிஞ்சு 13 பேர் போனாங்க. 2015 ஜூனில் பெர்க்லியில் பால்கனி விழுந்து 6 பேர்; ஈரத்தில் உத்திரம் இத்துப்போயிருந்தது. ரெண்டிலும் கிரானைட் மேடை கிடையாது, பார்ட்டிக்கு வந்த பிள்ளைங்க மட்டும்தான். நாம கூட்டத்தையும் வெச்சு, கல்லையும் வெச்சு, சொட்டச் சொட்ட ஒரு சிங்க்கையும் வெப்போமாம்.

(அந்த சிங்க் பத்தி ஒரே வரி: குளிர் வர்றதுக்குள்ள குழாயில் தண்ணியை வடிக்கலைன்னா ஐஸாகி வெடிக்கும். கிச்சன் குழாய் பதினஞ்சு அடி தள்ளி இருக்கு. விடுங்க.)

"எல்லாரும்தான் டெக்கில் கிரில் வெச்சிருக்காங்க, என்ன ஆச்சு?" இதுவும் அடிக்கடி கேக்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். சக்கரம் வெச்ச கிரில் எடை கம்மி. எரியற நேரத்தில் சுவரை விட்டுத் தள்ளி வெச்சுக்கலாம், பிளாஸ்டிக் சைடிங் உருகாது. முக்கியமா அதோட அடிப்பக்கம் திறந்து கிடக்கு. கேஸ் கசிஞ்சா காத்தோட போயிடும். அதையே நாலு பக்கமும் கல் வெச்சு மூடி, சிலிண்டரை உள்ளே ஒளிச்சு, அழகா ஒரு கதவும் போட்டுட்டா அந்த வசதி எல்லாமே போச்சு.

புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம். கசிஞ்சா மேலே போகாது, மேடைக்குள்ளேயே தரையில் தேங்கும். அதனாலதான் கிரில் மேனுவலில் தரையை ஒட்டி ஒரு வென்ட், மேலே ஒரு வென்ட், இத்தனை சதுர அங்குலம்னு போட்டிருக்கும். பூமிக்குள் குழாயில் வர்ற இயற்கை எரிவாயு காத்தை விட லேசு. அதுக்கு மேல் வென்ட் முக்கியம். கல் ஒட்டுறவர் "ஓட்டை அசிங்கமா இருக்கு" என்று வென்ட்டை மூடிட்டுப் போவார். நாமளும் ஆமாம்னு தலையாட்டுவோம். போதாக்குறைக்கு அதே பொட்டிக்குள் ஃப்ரிட்ஜ். அது தானா ஓடும், தானா நிக்கும், ஒவ்வொரு தடவையும் பொறி வர வாய்ப்பு. கேஸ் நாத்தம் வந்தா ஸ்விட்ச்சைத் தொடாதேன்னு ஊரில் அம்மா சொல்லிக் குடுத்ததெல்லாம் விமானம் ஏறினதும் மறந்துபோச்சா?

சட்டகத்தை மரத்தில் செய்யறது அடுத்த கூத்து. உள்ளே பதிக்கிற கிரிலுக்கு, மரச்சட்டம்னா வெப்பம் தாங்கும் தனி உறை வேணும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறவங்கதான் கல்லுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டறாங்க.

சரி, இவ்வளவும் யாருக்காக? நம்ம வீடுகளில் டெக்குக்கு அடுப்பு போனதே நெடி தாங்காமத்தான். இங்கே பாதி வீட்டில் அடுப்புக்கு மேல மைக்ரோவேவ். அது புகையை உறிஞ்சி நம்ம மூஞ்சிக்கே திருப்பி ஊதும். மிளகாய் தாளிச்சா ஸ்மோக் அலாரம் கத்துது, மீன் வறுத்தா ஒரு வாரம் கோட்டு சூட்டெல்லாம் வஞ்சிரம். அதனால் வேண்டியது தினசரிக்கு ஒரு நல்ல அடுப்பு, காத்து மறைப்பு, விளக்கு. விருந்துக்கு அண்டா ஏத்த ஒரு பெரிய பர்னர். ஆறு பர்னர் கிரிலில் தோசைக்கல்லை வெச்சுப் பாருங்க, ஓரம் கருகும், நடு வேகாது.

உயரம் இன்னும் மோசம். மேடை 36 அங்குலம். அது காய் நறுக்கற உயரம். அதுமேல பர்னர் 2 அங்குலம், அண்டா 14 அங்குலம். விளிம்பு 52 அங்குலத்தில் வந்து நிக்கும். 5 அடி 2 அங்குலம் இருக்கற பெண்ணுக்கு அது தோள் உயரம். கொதிக்கிற குழம்பைத் தோளுக்கு மேல கையைத் தூக்கிக் கிண்டணும். சட்டி சரிஞ்சா எங்கே கொட்டும்னு நான் சொல்லணுமா? எனக்குக் காட்டின டிசைன் எதிலும், கிண்டப்போறவங்க உயரம் என்னன்னு யாரும் கேட்டு எழுதலை. எங்க வீட்டம்மா படத்தைப் பார்த்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏங்க, நான் ஸ்டூல் போட்டு ஏறணுமா?"

நான் சொல்றது ரொம்ப சிம்பிள். கல்லுதான் வேணும்னா டெக்கை விட்டு இறங்கி, படிக்குப் பக்கத்தில் தரையில் கான்க்ரீட் போட்டு அதுமேல கட்டுங்க. பூமி தாங்கும். பெரிய பர்னருக்கு முழங்கால் உயரத்தில் தனி இடம் விடுங்க. ராத்திரி எண்ணெய்ச் சட்டியோட படி இறங்க முடியாது, மேலயேதான் வேணும்னா, ஸ்டீல் சட்டம், சிமெண்ட் போர்டு, மேலே தகடு. எடை பாதிக்கும் கீழ வந்துடும். அப்பவும் அடியில் கூடுதல் தூண் வேணுமான்னு ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் கேளுங்க. கேஸ் லைனுக்கு நகராட்சியில் பெர்மிட் வாங்குங்க. "பெர்மிட்டெல்லாம் எதுக்கு சார்" என்கிற ஆளை வாசலோட அனுப்பிடுங்க. வேலை முடிஞ்சதும் இணைப்பு ஒவ்வொண்ணுலயும் சோப்புத் தண்ணி தடவிக் குமிழ் வருதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகும்.

நண்பர் கிரானைட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாராம். பரவாயில்லை, அந்த ஸ்லாப்பை உள்ளே கிச்சனில் போட்டுக்கலாம். அதுக்கு அளவெடுக்க வர்றவரிடம் அப்படியே அந்த மைக்ரோவேவைக் கழட்டிட்டு, புகையை வெளியே தள்ற ஹுட் மாட்ட எவ்வளவு ஆகும்னும் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்.