'பிறகு' வேண்டாமே!

குட்டீஸ்! அப்பா, அம்மாவின் செல்போனில், 'புதிய அப்டேட் வந்திருக்கிறது' என்று அறிவிப்பு வந்தால் என்ன செய்கிறீர்கள்? கேம் விளையாடும் அவசரத்தில், 'பிறகு' என்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள், இல்லையா? அது சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

செல்போனில் தினமும் எத்தனை படங்கள் வருகின்றன! காலை வணக்கம் படம், பிறந்த நாள் படம், கல்யாண வீட்டுப் படம். நம் கண்ணுக்குத்தான் அது படம். போனுக்கு அது வெறும் எண் மூட்டை. இடத்தை அடைக்கக் கூடாது என்பதற்காக, எண்களைச் சுருக்கி மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். அதைப் பிரித்துப் படமாகக் காட்ட, போனுக்குள் ஒரு சாப்ட்வேர் இருக்கிறது.

ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில், இரண்டு படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்து, பக்கத்துப் பாத்திரத்தில் விழும். அதே போல, மூட்டையைப் பிரிக்கும்போது, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எண்கள் வழியும்படி ஒரு படத்தைத் திருடர்கள் தயாரிக்க முடியும். நல்ல சாப்ட்வேர், முதலில் அளவைச் சரிபார்க்கும். சரிபார்க்க மறந்த இடம்தான் ஓட்டை! அதன் வழியாகத் திருடனின் கட்டளைகள் உள்ளே நுழைந்துவிடும்.

இது கற்பனை அல்ல. 2023-ல், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உள்ள 'சிட்டிசன் லேப்' ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஒரு பொதுநல அமைப்பில் வேலை பார்ப்பவரின் ஐபோனைச் சோதித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு தயாரித்த படங்களை அனுப்பி, 'பெகாசஸ்' என்ற உளவு சாப்ட்வேரை நுழைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். படத்தை அவர் தொடக்கூடத் தேவையில்லை! செப்டம்பர் 7-ல், ஆப்பிள் நிறுவனம் அதற்கான அப்டேட்டை வெளியிட்டது.

அதே நாட்களில், 'வெப்பி' வகைப் படங்களைப் பிரிக்கும் சாப்ட்வேரிலும் ஓர் ஓட்டை தெரிந்தது. கூகுள் உருவாக்கிய இதை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதனால் குரோம், பயர்பாக்ஸ் என்று பல இடங்களிலும் ஒரே ஓட்டை! செப்டம்பர் 6-ல் கூகுளுக்குத் தகவல் போனது. 11-ம் தேதி குரோமுக்கும், 12-ம் தேதி பயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்துவிட்டது.

அவர்கள் ஒரே வாரத்தில் முடித்த வேலையை, நாம் மாதக்கணக்கில் தள்ளிப்போடலாமா? திருத்தம் வெளியானதும், பழைய சாப்ட்வேரையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, அப்டேட் செய்யாத போன்தான் அவர்களுக்கு எளிதான இரை. அம்மாவின் வங்கிக் கணக்கும், உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் அதில்தானே இருக்கின்றன?

'டேட்டா தீர்ந்துவிடும், போனில் இடம் இல்லை' என்று வீட்டில் சொல்வார்கள். தேவையில்லாத வீடியோக்களை அழித்தால், இடம் கிடைக்கும். இரவில் சார்ஜ் போட்டபடி அப்டேட் செய்தால், யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால், ஏதோ ஓர் இணையதளத்தில், 'உடனே அப்டேட் செய்' என்று மிரட்டினால் தொடாதீர்கள். அது மோசடியாக இருக்கலாம். போனின் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். அதுவும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு!

போன் தயாரிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2023-ல் வந்த பிக்சல் 8 போனுக்கு, 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாகக் கூகுள் அறிவித்தது. எல்லா போன்களுக்கும் இப்படிக் கிடைப்பதில்லை. காசு குறைவாகக் கொடுத்தவர் வீட்டில் மட்டும் திருடன் நுழையலாமா? இது நியாயமே இல்லை. அடுத்த முறை வீட்டில் போன் வாங்கும்போது, கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், 'எத்தனை வருஷம் அப்டேட் வரும்?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் நிறுவனங்களுக்கு உறைக்கும்.

இன்று மாலையே, வீட்டில் இருக்கும் போன்களை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். என்ன குட்டீஸ், செய்வீர்கள்தானே?