காகிதத்தில் கையுறை, காட்டில் வெறுங்கை!



நம் மயிலாடும்பாறை உரக்கடையில் எந்தப் பூச்சி மருந்து விற்கலாம், எது கூடாது என்பதை முடிவு செய்பவர்கள் நாமும் அல்ல, மாநில அரசும் அல்ல. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்திய அரசின் பதிவுக் குழுதான் அதை முடிவு செய்கிறது. அந்தச் சட்டம் சும்மா பிறந்துவிடவில்லை. 1958ல் கேரளாவிலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உணவுப் பொருளையும் பாரத்தியான் என்ற விஷ மருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியதால் வந்த வினை அது.

குழு எப்படி முடிவெடுக்கிறது? பிராணிகளுக்கு மருந்தைக் கொடுத்து, எந்த அளவு வரை தீங்கு தெரியவில்லை என்று பார்ப்பார்கள். அந்த அளவை வழக்கமாக நூறால் வகுத்து, மனிதனுக்கு இதுதான் எல்லை என்பார்கள். பின்பு தெளிப்பவன் மேல் எவ்வளவு படும், காயில் எவ்வளவு மிஞ்சும் என்றும் கணக்கிடுவார்கள். இதற்கு 'இடர் மதிப்பீடு' என்று பெயர். நல்ல முறைதான். அறிவைப் பழிக்கும் பழக்கம் நம் மார்க்கத்தில் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வரும் மனிதன் யார்? கையுறையும் முகமூடியும் பூட்சும் போட்டவன். பொடி எழுத்து லேபிளை முழுக்கப் படித்து, காற்றின் திசை பார்த்து அடிப்பவன். வருசநாட்டுப் பக்கம் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! கைலியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றி, வெறுங்கையால் மருந்தைக் கலக்குகிறவர்தான் இங்கே இருக்கிறார். அவருக்குக் கூலியும் வேண்டும், உயிரும் வேண்டும்.

மோனோகுரோட்டோபாஸ் கதையைக் கேளுங்கள். 2005ல் காய்கறிக்கு இது கூடாது என்று மத்திய அரசு தடை செய்தது. பருத்திக்கு அடிக்கலாம் என்று விட்டுவைத்தது. காகிதத்தில் சரிதான்! நம் பக்கத்தில் பருத்திக்கு அடுத்த வரப்பில் தக்காளி நிற்கிறது. டப்பா ஒன்று, தோளில் மாட்டும் தெளிப்பானும் ஒன்று. எது பருத்தி, எது தக்காளி என்று டப்பாவுக்குத் தெரியுமா? 2013ல் பீகாரில் இந்த மருந்து மதிய உணவில் கலந்து 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே அடித்தவற்றில் இதுவும் ஒன்று. இதன் 36 சதவீதக் கரைசலுக்கு 2023ல்தான் தடை வந்தது. இடையில் 18 ஆண்டுகள்!

பக்கத்து இலங்கையில் இதே மருந்தை 1995லேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டு மூலையில் இருக்கும் விஷம் ஆத்திரத்தில் கைக்கு எட்டும் என்பதையும் ஆபத்தாகவே அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அதன் பின் அங்கே தற்கொலைச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்தன, விளைச்சல் விழவில்லை. தமிழக அரசும் இதே நோக்கத்தில் 2023 ஜனவரியில் ஆறு மருந்துகளுக்குத் தடை போட்டது. எத்தனை நாளைக்கு? 60 நாள்! சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தருவது அவ்வளவுதான். மிஞ்சினால் இன்னும் 30 நாள். ஊரின் நிலை தெரிந்த அரசுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்களுக்கு ஊர் தெரியாது!

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கண்டபோது, மேலே காய்ந்திருக்கிறது என்று போய்விடவில்லை. கையை உள்ளே விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்தார்கள், வியாபாரியைக் கண்டித்தார்கள். பதிவுக் குழுவிடம் நாம் கேட்பதும் அதுதான். மேல் காகிதத்தோடு நிற்காமல் காட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள்! வெறுங்கையோடு அடிப்பவனுக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டு, அதில் தேறாத மருந்தின் பதிவை நீக்குங்கள். நிரந்தரத் தடைக்கு மாநிலத்துக்கும் உரிமை கொடுங்கள்.

உரக்கடை நடத்தும் சகோதரர்களே, அந்தச் சம்பவம் உங்களுக்கும்தான். சிவப்பு முக்கோணம் போட்ட டப்பாவை 'நல்லா கேக்கும்' என்று தள்ளிவிடாதீர்கள். காலி பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் சில்லறை வியாபாரத்தை இன்றோடு நிறுத்துங்கள். கையுறையை மருந்துக்குப் பக்கத்திலேயே வைத்து, கொள்முதல் விலைக்கே கொடுங்கள்.

இளைஞர்களே! தேனி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போவோம். மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களின் பெயர், மருந்தின் பெயர், தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாதி மதம் பார்க்காமல் இந்த வாரமே வீடு வீடாகக் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.