எர்த் கம்பி மட்டும் போதுமா?

கிணற்று மோட்டாருக்கும் விசைத்தறிக்கும் கடன் வழங்குகையில், எர்த் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதோடு சங்கங்கள் நின்றுவிடலாகாது என்பது நமது கருத்து. கம்பி புதைந்த மண் கோடையில் காய்ந்துவிட்டால் அங்கே மின்தடை 50 ஓம் வரை ஏறக்கூடும். அந்நிலையில் மோட்டாரின் இரும்புக் கூட்டில் 230 வோல்ட் மின்சாரம் கசிந்தாலும், மண்ணுக்குள் பாய்வது 5 ஆம்பியருக்கும் குறைவே. 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. தொடுகிறவரின் உயிருக்கே ஆபத்து. (பியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைப்போரைப் பற்றி என்ன சொல்ல!) எர்த் குழியில் நீர் ஊற்றிவருவது நன்று, ஆயினும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானின் விலையையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். தனியே வாங்கிக்கொள்ளச் சொன்னால் அங்கத்தினர் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போடுவர்.