வலிமை யாருக்கு? மீனுக்கா, கிருமிக்கா?

விடியற்காலையில் குளக்கரைக்குப் போகிறான் நம் தோழன். வயிறு வீங்கி, செதில் சிலிர்த்து, உடலெங்கும் புண்ணோடு ரோகு கெண்டைகள் செத்து மிதக்கின்றன. மிதப்பது மீன் மட்டுமா? குத்தகைப் பணம் மிதக்கிறது. கடன் வாங்கிய காசு மிதக்கிறது. "மருந்தைக் கொட்டு" என்கிறார் வியாபாரி.

நாம் கேட்கிறோம்: கொட்டினால் வலிமை பெறுவது மீனா, கிருமியா?

ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்னும் பாக்டீரியா குளத்து நீரில் இயல்பாகவே இருப்பது. நீர் கெட்டு, பிராணவாயு குறைந்து, நெருக்கடியில் மீன் வாடும்போது பாய்கிறது. கண்டபடி கொட்டிய மருந்துக்குத் தப்பிய கிருமி, அம்மருந்தையே வென்று பெருகுகிறது. காசும் போகிறது, கிருமியும் கொழுக்கிறது.

மாற்று வழி உண்டு. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நார்வே அறிஞர்களின் துணையோடு 1992-இல் ஒரு பணியைத் தொடங்கிற்று. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆற்று ரோகுகளைப் பண்ணை ரோகுவோடு இணைத்து, தேர்ந்து வளர்த்தது. விடுதலைப் பொன்விழா ஆண்டான 1997-இல் 'ஜெயந்தி ரோகு' வெளிவந்தது. தலைமுறைக்கு ஏறத்தாழ 17 சதவீதம் வளர்ச்சி கூடிற்று.

அதோடு நிற்கவில்லை. குடும்பவாரியாகக் குஞ்சுகளுக்கு அடையாளமிட்டு, கிருமியைச் செலுத்தி, எந்தக் குடும்பம் தாங்குகிறது என்று கணக்கெடுத்தார்கள். தாங்கிய குடும்பத்தில் கிருமி படாத உடன்பிறப்புகளைத் தாய் மீன்களாக்கினார்கள். நோயைத் தாங்கும் குணம் வழிவழியாக இறங்குகிறது என்பது மெய்ப்பட்டது.

இது சர்வரோக நிவாரணி அன்று. ஒரு கிருமியைத் தாங்கும் மீன் மற்றொன்றுக்கு இரையாகலாம். நீரைக் காப்பதும், அளவோடு குஞ்சு விடுவதும் என்றும் நம் கடமையே.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மருந்து ஆண்டுதோறும் வாங்க வேண்டிய சரக்கு. வித்தில் ஏறிய வலிமையோ தலைமுறைக்கும் நிற்கும் சொத்து. மருந்து வியாபாரிக்கு அதில் ஆதாயமில்லை. ஆகவே அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டிய பணி. சில தாய் மீன்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இரத்தக் கலப்பு நெருங்கி, வித்து நலியும். ஆய்வில் பெற்ற வலிமை குளம் வந்து சேருமுன் கரைந்துபோகும்.

ஆதலின் நாம் கோருவது இது: மாவட்டந்தோறும் அரசு வித்துமீன் பண்ணை வேண்டும், தாய் மீன்கள் காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், தேர்ந்த குஞ்சு ஏழையின் குளத்துக்கு நியாய விலையில் வர வேண்டும்.

மக்கள் பணத்தில் விளைந்த வலிமை மக்கள் குளத்தில் நீந்தட்டும்!