ஐந்து வரிதானே என்பவர்களுக்கு

"ஐந்து வரித் திருத்தம்தானே, ஏற்றுக்கொண்டு விடுங்கள்" என்கின்றனர் நண்பர்கள். ஏற்க மாட்டோம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய திஸ்கி எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் நூற்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை, ஓமலூரில் மாணவர் சிலருடன் சேர்ந்து பேணி வருகிறோம். சில கோப்புகளில் அது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிடும். மாணவர் ஒருவர் பேட்ச் எழுதி வந்தார். எழுத அனுமதி உண்டா என்று முதலில் பார்ப்பது, இல்லையேல் கோப்பை 777 ஆக்கிவிட்டு எழுதுவது. அவ்வளவுதான்.

படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, ஏனையோர் என மூவருக்கும் அதை வழங்குவது 777. அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் மூலபாடத்தில் கைவைக்கலாம் என்று பொருள். ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்று பத்து நாள் வழக்காடும் நாம் இதற்கு இசைவதா? அந்தக் கோப்புகள் மெய்ப்பு முடிந்து, வேண்டுமென்றே 444 என்று பூட்டப்பட்டவை. ஸ்கிரிப்ட் நின்றதுதான் சரி!

முன்கூட்டிப் பார்க்கும் சோதனையும் உறுதியற்றது. பார்த்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையே கோப்பு மாற்றி வைக்கப்படலாம். ரூட்டாக இயக்கினாலோ பூட்டிய கோப்புக்கும் 'அனுமதி உண்டு' என்றே விடை வரும். நேராகத் திறக்க முயன்று, முடியாவிடில் கோப்பின் பெயரைச் சொல்லி நிற்பதே முறை.

சிறு திருத்தம் என்பதால் தீங்கு சிறிதாகிவிடாது. 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், ஒரு சோதனைக் கருவி குறைசொன்னது என்பதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. 2008 மே மாதம் உண்மை வெளிவந்தது: அங்கு உருவான மறைச்சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. இரண்டாண்டுச் சாவிகளை வீசிவிட்டுப் புதிதாக ஆக்க நேர்ந்தது.

"தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்றும் கேட்டனர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தாரே, அதே வேலைதான்.

குறிப்புகளுடன் பேட்ச்சைத் திருப்பி அனுப்பினோம். மாணவர் முகம் வாடியது உண்மை. மறுமுறை வந்ததில் 777 இல்லை. ஆனால் ரூட்டாக இருந்தே சோதித்திருக்கிறார். சாதாரணக் கணக்கில் ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம்.