'யெஸ் சார்' என்னும் இரு சொற்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், சகோதரி ஒருவர் நம்மை அணுகினார். திருப்பூரில் பனியன் ஆலை ஒன்றின் செக்கிங் பிரிவில் பணிபுரிபவர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், தொழிலில் கைதேர்ந்தவர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குவோரின் ஆள் ஒருவர் ஆலைக்கு வந்து தையலில் ஏதோ திருத்தம் கூறினாராம். இவரும் தலையசைத்தாராம். அவர் சொன்னது ஒன்று, இவர் செய்வித்தது ஒன்று. ஒரு கட்டுச் சரக்கு முழுவதையும் பிரித்துத் தைக்க நேர்ந்தது. கிடைக்கவிருந்த மேற்பார்வையாளர் பதவியும் கைநழுவியது.

"பாதி புரியுதுங்க சாமி, பாதி புரியறதில்லீங்க. எல்லாத்துக்கும் 'யெஸ் சார்'னு சொல்லிப்போடறனுங்க" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

இத்துன்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலும் நம்மில் பலர் இவ்வாறே தலையசைத்துவிட்டு வருகிறோம். ஆதலின் அன்றாட ஆங்கிலத்தைப் பற்றி இம்மாதம் சில கூற விழைகிறோம்.

முதலாவது, 'நமக்குச் சொற்கள் தெரியாவே' என்னும் அச்சம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சி. கே. ஆக்டன் 1930-இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய முறையை வெளியிட்டார். அதில் உள்ளவை 850 சொற்களே. அவற்றுள் வினைச்சொற்கள் பதினெட்டுத்தாம். விவிலியத்திற்கென 50 சொற்களும், செய்யுட் பகுதிகளுக்கென 100 சொற்களும் கூட்டி, ஆக 1000 சொற்களுக்குள் திருவிவிலியம் முழுவதும் 1949-இல் வெளிவந்தது. படைப்பு முதல் திருவெளிப்பாடு வரை சொல்லி முடிக்க ஆயிரம் சொற்கள் போதுமானால், ஓர் ஆலையில் பேசுவதற்கு எத்தனை வேண்டும்?

அச்சகோதரியிடம் தாளும் எழுதுகோலும் தந்து, தெரிந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதப் பணித்தோம். கட்டிங், ஓவர்லாக், சைஸ், பட்டன், டேமேஜ், பஸ், டிக்கெட் எனத் தொடங்கி, அரைமணி நேரத்தில் நூறைக் கடந்துவிட்டார். தம் கண்களையே அவரால் நம்ப இயலவில்லை. மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியர் வாயிலாக வந்த சொற்கள் என்பதை நாம் இன்று நினைப்பதுமில்லை. நம் கட்டுமரமும் சுருட்டும் அவ்வாறே ஆங்கிலத்தில் குடியேறியுள்ளன. கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில் கூச்சத்திற்கு வேலை இல்லை.

இரண்டாவது, சிறிய சொற்களின் பெரிய பயன். தமிழில் 'எடு' என்னும் ஒரு வினையைக் கொண்டு எடுத்துக்கொள், எடுத்துவை, எடுத்துச்சொல் எனப் பலவும் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே. 'புட் ஆன்' என்றால் உடுத்து. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'டேக் ஆஃப்' என்றால் கழற்று. 'கிவ் அப்' என்றால் கைவிடு. தனிச்சொற்களை நெட்டுருச் செய்வதினும் இத்தகைய இணைகளை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே மேல். தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வந்துவிடும். இவ்வரிசை கண்ணால் படிப்பதால் மட்டும் வருவதன்று, நா பழகவேண்டும்.

மூன்றாவது, பணிவு. கொங்கு நாட்டார் பேச்சில் 'ங்க' இல்லாத வாக்கியம் அரிது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி கிடையாது. நாம் தமிழ் வழியில் பயின்றுவிட்டு மெய்யியல் படிக்கக் குருமடம் சென்றபோது, பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில் நடைபெற்றன. உணவறையில் எதிரே அமர்ந்திருந்த மூத்த குரு ஒருவரிடம், 'உப்பைக் கொடுங்கள்' என்பதை அப்படியே பெயர்த்து, 'கிவ் சால்ட்' என்றோம். அவர் முகம் சுருங்கிற்று. நம் உள்ளத்தில் பணிவு இல்லாமல் இல்லை. அப்பணிவு 'ங்கள்' என்னும் விகுதியோடு தமிழிலேயே தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்', 'குட் யூ', 'மே ஐ' ஆகியவையே நம்முடைய 'ங்க' என்று அறிய நமக்கு ஓராண்டு ஆயிற்று.

இனி ஒரு வேண்டுகோள். ஆங்கில வழியில் பயிலும் பிள்ளை ஒருவன், தந்தை ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக ஒலித்தபோது விருந்தினர் முன் நகைத்ததை நாம் கண்டோம். அன்று முதல் அத்தந்தை அப்பிள்ளையின் முன் ஆங்கிலம் பேசத் துணிவதில்லை. பிள்ளைகளே, 1842-இல் பிரான்சிலிருந்து வந்த மரியோன் பிரெசிலாக் அடிகளார், முப்பதை நெருங்கும் வயதில் தமிழ் கற்கத் தொடங்கினார். 1846-இல் நம் கருமத்தம்பட்டியிலேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது தொடக்கத் தமிழைக் கேட்டு நம் முன்னோர் எள்ளி நகையாடியிருந்தால் அவர் வாய் திறந்திருப்பாரா? இரவுச் செபமாலைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாரத்திற்கு ஐந்து வாக்கியங்கள் போதும். நகையாது திருத்துங்கள், பெற்றோரும் கூசாது கேளுங்கள்.

அச்சகோதரிக்கு முதல் வாரம் நாம் கற்பித்தவை மூன்றே. 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்' - எனக்குப் புரியவில்லை. 'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்' - தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள். 'குட் யூ ஷோ மீ, ப்ளீஸ்?' - காட்ட இயலுமா? அண்மையில் அவர் மீண்டும் வந்தார். அதே ஆள் ஆலைக்கு வந்தபோது, நடுங்கும் குரலில் மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டுவிட்டாராம். அவரும் துணியை வாங்கி, தையல் எங்கே தொடங்கவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினாராம்.

பதவி இன்னும் வரவில்லை. ஆயினும், "இந்தத் தடவ ஒரு பீஸ்கூடப் பிரிக்கலீங்க சாமி" என்றார்.

புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவே எம்மொழிக்கும் முதற்பாடம் எனக் கருதுகிறோம்.