பெரட்டுத் தப்பு நின்றது நல்லதுதான், படுகளம் நின்றால்?

"சிலோன்"னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? நம்ம தாத்தா, பாட்டி காலத்து ஆளுங்களுக்கு ரேடியோ சிலோன். நமக்கு கிரிக்கெட். செய்தி படிக்கிறவங்களுக்கு 2009.

அந்த கிரிக்கெட்டுலேர்ந்தே தொடங்கலாம். டெஸ்ட்ல 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனோட அப்பாவழித் தாத்தா, 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக அந்தத் தீவுக்குப் போனவர். அவரை மாதிரி போனவங்க லட்சக்கணக்கில். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ஆற்காடு, அப்புறம் நம்ம சேலம் ஜில்லா. அன்னைக்கு நாமக்கல்னு தனி மாவட்டம் கிடையாது, அது 1997-ல் வந்தது. கண்டிச் சீமைக்கு ஆள் திரட்டிய ஊர்ப் பட்டியல்ல நம்ம பக்கமும் இருந்ததுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்க அவங்க வாழ்ந்த வாழ்க்கை, கொண்டு போன வழக்கங்கள், அதுல இன்னைக்கு மறைஞ்சு போனது, மறைஞ்சுகிட்டு இருக்கறது, இதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. ஆனா "அந்தக் காலம் எவ்வளவு அழகு"ன்னு உருகப் போறதில்ல. மறைஞ்சு போன எல்லாமே இழப்பு இல்லங்கிறதுதான் என் கருத்து. எது போனா நல்லது, எது போனா நஷ்டம்னு பிரிச்சுப் பார்க்கணும். அப்படிப் பிரிச்சா, நஷ்டக் கணக்குல நம்ம பங்கும் இருக்குன்னு தெரியும்.

முதல்ல அவங்க எப்படிப் போனாங்கன்னு பார்ப்போம்.

1815-ல் கண்டி ராஜ்ஜியம் பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போனது. மலையில காபி போட்டாங்க. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் அங்க போகத் தொடங்கினது 1823-லன்னு கணக்கு வச்சுத்தான் 2023-ல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையிலேயே அவங்க சந்ததியினர் நடந்தாங்க. ஆரம்பத்துல போனவங்களுக்கு ரயில் கிடையாது. கடலைத் தாண்டி இறங்கி, காட்டு வழியா நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1869-ல் காபிச் செடியில இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில வருஷத்துல காபித் தொழிலே சரிந்தது. அந்த இடத்தைப் பிடிச்சது தேயிலை. 1867-ல் லூல்கந்துர தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் வணிக ரீதியா தொடங்கினது அது.

இங்க நிலைமை என்ன? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதுல மோசமா அடிபட்ட ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல இருந்ததை விட 1881-ல் சேலம் ஜில்லாவோட மக்கள்தொகை குறைஞ்சிருந்தது. பசியில இருக்கற ஊருக்குள்ள கங்காணி வந்து, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனாங்கன்னு மலையகத்துல சொல்லுவாங்க. 'பரதேசி' படம் பார்த்திருப்பீங்க. அதோட மூலக்கதை வால்பாறைப் பக்கம் நடக்கறது. அதே கதைதான் கடலுக்கு அந்தப் பக்கமும், பல மடங்கு பெருசா நடந்தது.

சரி, அங்க ஒரு நாள் எப்படி இருந்தது?

விடியறதுக்கு முன்னாடி தப்புச் சத்தம். அதுதான் பெரட்டுத் தப்பு. 'பரேட்' என்கிற ஆங்கிலச் சொல் தொழிலாளர் வாயில 'பெரட்டு' ஆச்சு. தப்பு கேட்டதும் எல்லாரும் பெரட்டுக் களத்துல கூடணும். துரையும் கணக்கப்பிள்ளையும் வேலை பிரிப்பாங்க. பொம்பளைங்களுக்குக் கொழுந்து பறிக்கிறது, ஆம்பளைங்களுக்குக் கவ்வாத்து வெட்டறது, முள்ளு குத்தறது. கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்துல விட்டுட்டு, கூடையை முதுகுல தொங்க விட்டு மலை ஏறணும். பறிச்ச கொழுந்து சொன்ன எடைக்கு வந்தா ஒரு 'பேர்'. குறைஞ்சா 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். நாள் பூரா மழையில நனைஞ்சு, அட்டைக்கடி வாங்கினவங்களோட பேரே பாதியாயிடும்! இதை விடக் கசப்பான ஒரு சொல்லை நான் படிச்சதில்ல.

சாயங்காலம் திரும்பி வந்தா லயம். வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒரு குடும்பத்துக்கு. முன்னாடி இஸ்தோப்பு, அது டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தை. அறைக்குப் பேர் காம்பரா, அது போர்ச்சுக்கீசியர் விட்டுட்டுப் போனது. மடுவம் சிங்களத்திலிருந்து. தோட்டத்துக்கு ஆங்கிலத்துல ஒரு பேர், தொழிலாளர் தங்களுக்குள்ள வச்சுக்கிட்ட தமிழ்ப் பேர் ஒண்ணு. அந்தத் தீவை ஆண்டவங்க, அங்க வாழ்ந்தவங்க எல்லாரோட மொழியும் ஒரு லயத்து வாசலுக்குள்ள இருந்தது.

இதுல இன்னைக்கு எவ்வளவோ இல்ல. பெரிய கங்காணி அதிகாரம் போச்சு. ஆளைக் கடனோட சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாத்தற 'துண்டு' முறை 1921-ல் ஒழிஞ்சது. எண் பொறிச்ச தகர வில்லையைக் கொடுத்து ஆளை அனுப்பற 'டின் டிக்கெட்' போச்சு. பெரட்டுத் தப்பும் ஓய்ஞ்சு போச்சு.

இதுக்கெல்லாம் யாராவது வருத்தப்படணுமா? வேண்டாம்னுதான் சொல்வேன். தப்பு அடிக்கிறது ஒரு சாதியோட வேலைன்னு நம்ம ஊர் வச்சிருந்த விதி, கடலைத் தாண்டியும் அவங்களைத் துரத்திட்டுப் போனது. அது அவங்க விரும்பித் தேர்ந்தெடுத்த கலை இல்ல, மேல சுமத்தின கட்டாயம். இன்னைக்குப் பறையை உரிமைக் கலையா கையில எடுத்து அடிக்கிறதும், துரைக்கு ஆள் எழுப்ப அடிக்கிறதும் ஒண்ணு இல்ல. லயமும் அப்படித்தான். இந்திய அரசு உதவியோட தனித்தனி வீடு கட்டற திட்டங்கள் வந்தாலும், இன்னும் லயத்துலயே இருக்கற குடும்பங்கள் நிறைய. சுற்றுலா போற நாம பச்சை மலைக்கு நடுவுல அந்த வரிசை வீட்டைப் போட்டோ எடுத்து 'பாரம்பரியம்'னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். உள்ள இருக்கறவங்க அது எப்ப இடியும், தனி வீடு எப்ப வரும்னு பார்த்துட்டு இருக்காங்க. இப்படிப்பட்ட 'பாரம்பரியம்' மறையட்டும், சீக்கிரம் மறையட்டும்.

ஆனா அதே லயத்து வாசல்ல இன்னொண்ணும் இருந்தது. அதுதான் கூத்து.

மலையகத்துல மூணு கூத்துகளை முக்கியமா சொல்வாங்க. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மாசி மாசம் காமன் ஊன்றி, சிவன் நெற்றிக்கண்ணால காமனை எரிக்கிற கதையை ஊரே சேர்ந்து நடத்தும். மூணாவது பேரைப் பார்த்ததும் உங்களுக்கு ஒண்ணு தட்டுப்பட்டிருக்கும். பொன்னர் சங்கர் நம்ம ஊர்க் கதை. அண்ணன்மார் சாமி கதை. உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியா பாடுவாங்களே, வீரப்பூர்ல படுகளம் விழுவாங்களே, அதே கதை. கலைஞர் நாவலா எழுதி 2011-ல் பிரசாந்த் நடிச்சுப் படமா வந்த அதே கதை. சாப்பாட்டுக்கு வழியில்லாம கிளம்பினவங்க, அண்ணன்மாரையும் தங்கச்சியையும் மனசுல சுமந்துக்கிட்டுக் கடல் தாண்டியிருக்காங்க.

இங்க கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அண்ணன்மார் கதை, நிலம் வச்சு நாடு ஆண்ட அண்ணன்தம்பிகளோட கதை. நம்ம ஊர்ல அதை ஒரு சாதியோட பெருமையாவே பல பேர் பேசறாங்க. தோட்டத்துக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவங்க, சொந்தமா ஒரு சென்ட் நிலம் இல்லாதவங்க. அவங்க நடுவுலதான் இந்தக் கதை தலைமுறை தலைமுறையா கூத்தா நின்னது. பகல் முழுக்க அரைப்பேருக்கு அல்லாடினவர், ராத்திரி வேஷம் கட்டினா சங்கர். துரைகிட்ட தலை நிமிர முடியாதவர், கூத்துக் களத்துல வாளைத் தூக்கி நிக்கலாம். யாரும் அவர்கிட்ட இதை ஆடச் சொல்லிச் சம்பளம் தரல. பெரட்டுத் தப்புக்கும் கூத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னது அவங்களை எழுப்பி வேலைக்கு ஓட்டினது, பின்னது அவங்களே தங்களுக்காக வச்சுக்கிட்டது.

இது ஏன் தேயுது? டிவி வந்துச்சு, செல்போன் வந்துச்சுன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. அதுக்கு முன்னாடி பெரிய அடி வேற இடத்துல விழுந்தது. சுதந்திரம் வந்த கையோட, 1948-ல் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களா ஆக்குச்சு. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை ரெண்டு அரசாங்கமும் பிரிச்சுக்கிட்டாங்க. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு ஒத்தி வச்சாங்க. 1974-ல் அவங்களையும் பாதிக்குப் பாதி பங்கு போட்டாங்க. போறவங்ககிட்ட "உங்க விருப்பம் என்ன"ன்னு கேட்டு எழுதின ஒப்பந்தம் இல்ல அது.

ஒரு கூத்துக் குழுவை நினைச்சுப் பாருங்க. பொன்னர் வேஷக்காரருக்கு இந்தியா, வாத்தியாருக்கு இலங்கை, மத்தளக்காரர் விண்ணப்பம் இன்னும் முடிவாகல. கூத்து எப்படி நடக்கும்? கலை அழியறதுக்கு யாரும் தடை போட வேண்டியதில்ல, ஆடறவங்களைப் பிரிச்சாலே போதும். எஞ்சின எல்லாருக்கும் குடியுரிமை தர்ற சட்டம் 2003-ல்தான் வந்தது. இன்னைக்கும் சில தோட்டங்கள்ல கூத்து நடக்குது, முழுசா சாகல. ஆனா வேலை தேடி இளைஞர்கள் கொழும்புக்குப் போன பிறகு, கத்துக்க உட்கார்றவங்க குறையறாங்க.

"சரி, அது அவங்க விஷயம், அவங்க ஊர். சேலத்துல உட்கார்ந்து நாம என்ன பண்ண?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். எதை வச்சுக்கறது, எதை விடறதுங்கிறதை அங்க வாழறவங்கதான் முடிவு பண்ணணும். நாம போய் "கூத்தை விடாதீங்க"ன்னு பாடம் எடுக்க முடியாது.

ஆனா அவங்க எல்லாரும் 'அங்க' இல்லையே. ஒப்பந்தப்படி திரும்பி வந்தவங்களுக்காக 1968-ல் தொடங்கின அரசுத் திட்டம்தான் இன்னைக்கு நீலகிரியில இருக்கற டேன்டீ. பிறகு, போருக்குப் பயந்து வந்து தமிழ்நாட்டு முகாம்கள்ல இருக்கறவங்கள்லயும் ஒரு பகுதி மலையக வம்சாவளி. நம்ம சேலம், நாமக்கல் மாவட்டங்கள்லயும் முகாம்கள் இருக்கு. 2021-லிருந்து 'மறுவாழ்வு முகாம்'னு பேர். பஞ்சத்துல இந்த மண்ணைவிட்டுப் போனவரோட கொள்ளுப்பேத்தி, இதே மண்ணுல, முகாம் பதிவேட்டுல வெளிநாட்டுக்காரியா இருக்கக்கூடும். அந்த முகாம்கள்லேர்ந்து வர்ற பிள்ளைங்களும் நம்ம மாதிரி காலேஜ்லதான் படிக்கறாங்க. நம்ம வகுப்புலயே ஒருத்தர் இருக்கலாம். "நீ சிலோனா? ஆனா தமிழ் நல்லா பேசறியே!"ன்னு அவங்ககிட்ட ஆச்சரியப்படற வழக்கத்தை நாம முதல்ல விடணும். இதுவும் மறைய வேண்டிய ஒரு பாரம்பரியம்தான்.

அடுத்தது, பதிவு. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கையில ரெக்கார்டர் இருக்கு. 1965-ல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் கொங்கு கிராமத்துல தங்கி, உடுக்கைப் பாடகர் பாடின அண்ணன்மார் கதையைப் பல ராத்திரி டேப்புல பதிவு பண்ணாங்க. அந்தக் கதை இன்னைக்கு அச்சுல இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். தோட்டத்துலயே பிறந்து, 1947-ல் பாராளுமன்ற உறுப்பினரும் ஆன சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களோட பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். இலங்கைத் தமிழ் நூல்களை இலவசமா இணையத்துல ஏத்தி வைக்கிற 'நூலகம்' திட்டம் 2005-லிருந்து இயங்குது. இதுக்கு நடுவுல நம்மால சின்னதா ஒண்ணு முடியும்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனா, வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம சொந்தத்துல கண்டிச் சீமைக்குப் போனவங்க யாராவது உண்டா?" நிறைய வீட்டுல "இல்ல"ன்னு பதில் வரும். சில வீட்டுல ஒரு பேர் வரும், ஒரு பழைய கடிதாசி வரும், ஒரு மௌனம் வரும். ஊர்ல உடுக்கை அடிக்கத் தெரிஞ்ச பெரியவர் இருந்தா, அவர் பாட்டையும் போன்ல பிடிச்சு வைங்க. ஏன்னா படுகளம் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் தேயல. நம்ம பக்கமும், கதை கேட்டு விடிய விடிய உட்கார்ற கூட்டம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

பெரட்டுத் தப்பு நின்னப்ப யாரும் அழ வேண்டியதில்ல. அண்ணன்மார் கதை இங்கயும் அங்கயும் ஒண்ணா நின்னு போச்சுன்னா, நாம ஒரு காலத்துல ஒரே ஊர்க்காரங்களா இருந்தோம்னு சொல்ல ஒரு சாட்சி குறைஞ்சிடும். அந்தச் சாட்சியைப் பதிவு பண்ண ஒரு போன் போதும், கொஞ்சம் பொறுமை போதும்.